கேட்டது என்ன, தேவை என்ன? வகுப்பறையில் ஒரு தகவல் தொழினுட்ப ஆலோசனை

தரம் 13, வணிகப் பிரிவு

வைத்தியரிடம் செல்லும் ஒருவர், "எனக்கு இந்த மாத்திரையை எழுதித் தாருங்கள்" என்று பெயர் சொல்லிக் கேட்டால், நல்ல வைத்தியர் உடனே எழுதிக் கொடுத்துவிட மாட்டார். "எங்கே வலிக்கிறது? எப்போதிருந்து வலிக்கிறது?" என்றுதான் முதலில் கேட்பார். ஒரு வியாபார நிறுவனத்துக்குக் கணினி, மென்பொருள், வலையமைப்பு பற்றி ஆலோசனை சொல்பவரும் அவ்வாறே நடந்துகொள்ள வேண்டும். கேட்டதைக் கொடுப்பவர் விற்பனையாளர். தேவையைக் கண்டுபிடிப்பவரே ஆலோசகர்.

இந்த வேறுபாட்டைப் புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்திருந்தோம். இவ்வாண்டு எமது வகுப்பில் நடந்த ஒரு குழுச் செயற்பாடு அதை எமது கையாலேயே செய்து பார்க்க வைத்தது. எங்களில் பலருடைய வீடுகளில் சிறிதாகவோ பெரிதாகவோ ஒரு வியாபாரம் இருக்கிறது. கடைகளுக்கு மென்பொருள் விற்க வருபவர்களும் இன்று அதிகம். பல இலட்சம் ரூபா கொடுத்து வாங்கிய கணினி, மேசையில் துணி போர்த்தப்பட்டு இருப்பதைப் பார்த்த வீடுகளும் உண்டு. ஆகவே இது பரீட்சைக்கு மட்டும் உரிய விடயமல்ல என்பதால், கற்றதை முறைப்படி எழுதிப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆலோசனைத் தொழில் பிறந்த கதை

கணினி முதலில் விஞ்ஞானிகளினதும் இராணுவத்தினதும் கருவியாகவே இருந்தது. அதை வியாபாரத்துக்குக் கொண்டுவந்தவர்களுள் முன்னோடியாக இருந்தது, ஆச்சரியப்படும் வகையில், தேநீர்க் கடைகள் நடத்திய ஒரு நிறுவனம். இங்கிலாந்தில் தேநீர்க் கடைகளுக்கும் கேக், பாண் வகைகளுக்கும் பெயர்பெற்றிருந்த ஜே. லயன்ஸ் நிறுவனம், 'லியோ' என்ற கணினியைத் தானே உருவாக்கியது. 1951 நவம்பரில் அதன் பேக்கரி உற்பத்திகளின் பெறுமதியைக் கணிக்கும் வேலை அந்தக் கணினியில் ஓடத் தொடங்கியது. அலுவலக வேலையொன்றை வழமையாகச் செய்த முதலாவது கணினி என்று அது குறிப்பிடப்படுகின்றது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது கணினியை அல்ல, அதற்கு முன்னர் நடந்ததை. லயன்ஸ் நிறுவனம் கணினி என்ற எண்ணமே வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பிருந்து, தனது அலுவலக வேலைகள் எவ்வாறு நடக்கின்றன, எங்கே நேரம் வீணாகின்றது என்று ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவை வைத்திருந்தது. வேலையை முதலில் புரிந்துகொண்டார்கள். இயந்திரம் பிறகு வந்தது.

ஆலோசனை ஒரு தொழிலாக மாறிய கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ஜெனரல் இலெக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டு உபகரணத் தொழிற்சாலை இருந்தது. ஊழியர் சம்பளக் கணக்கைச் செய்ய 1954 இல் அங்கே 'யுனிவக்' கணினி நிறுவப்பட்டது. அந்த வேலைக்கு ஆலோசனை கூறியவர்கள் பொறியியலாளர் நிறுவனம் ஒன்றைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆர்தர் அண்டர்சன் என்ற கணக்காய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். அந்த நிறுவனத்திலிருந்து வளர்ந்து பிரிந்த ஆலோசனைப் பிரிவே 2001 முதல் அக்சென்சர் என்ற பெயரில் இயங்கி வருகின்றது. கணக்கீடும் வணிகக் கல்வியும் கற்கும் எமக்கு இது மகிழ்ச்சியான செய்தி. கணினி ஆலோசனைக்கு, கணினியை அறிந்தவர்கள் எவ்வளவு தேவையோ வியாபாரத்தின் கணக்கை அறிந்தவர்களும் அவ்வளவு தேவை.

எமது செயற்பாடு அமைந்த விதம்

தகவல் முறைமைகள் பற்றிய பாடத்தை முடித்ததும் எமது ஆசிரியை வகுப்பிலிருந்த முப்பது பேரையும் ஐவர் கொண்ட ஆறு குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு 'கடை'. மற்ற ஐந்து குழுக்களும் ஒன்றுடன் ஒன்று போட்டியிடும் ஆலோசனை நிறுவனங்கள். விதிகள் நான்கு.

முதலாவது, கடைக் குழுவுக்கு நான்கு பக்க விபரத்தாள் ஒன்று கொடுக்கப்படும். ஆலோசகர்களுக்குக் கிடைப்பது அரைப் பக்கம் மட்டுமே.

இரண்டாவது, கடைக் குழுவினர் பொய் சொல்லக் கூடாது. ஆனால் கேட்காத எதையும் தாமாகச் சொல்லவும் கூடாது.

மூன்றாவது, ஒவ்வொரு ஆலோசனைக் குழுவுக்கும் இருபது நிமிடச் சந்திப்புகள் மூன்று. யாரைச் சந்திப்பது என்பதை அந்தக் குழுவே தீர்மானிக்க வேண்டும்.

நான்காவது, முடிவில் மூன்று பக்க அறிக்கையும் பத்து நிமிட முன்வைப்பும் செய்ய வேண்டும். கடைக் குழு கேள்வி கேட்கும்; பின்னர் ஒரு நிறுவனத்தைத் தெரிவுசெய்யும்.

ஆலோசனைக் குழுவுக்குள்ளும் பொறுப்புகள் இருந்தன. ஒருவர் தலைவி, ஒருவர் நேர்காணல் செய்பவர், ஒருவர் ஆவணங்களைப் பார்ப்பவர், ஒருவர் அறிக்கை எழுதுபவர். எனக்குக் கிடைத்தது கிரயத்தைக் கணிக்கும் பொறுப்பு.

எமக்குக் கிடைத்த அரைப் பக்கத்தின் சாரம் இதுதான். நகரம் ஒன்றில் ஒரு புடவைக் கடை. முதலாளி, காசாளர், கணக்கப்பிள்ளை, களஞ்சியப் பொறுப்பாளர் ஆகியோருடன் விற்பனை உதவியாளர்கள் நால்வர். ஒவ்வோர் ஆண்டும் இருப்பை எண்ணும்போது ஏட்டில் உள்ளதை விடத் துணி குறைகின்றது. கடையில் இருக்கும் துணியையே இல்லையென்று நினைத்து மீண்டும் கொள்வனவு செய்வதும் நடக்கின்றது. ஆகவே பார்கோட் வசதியுள்ள விற்பனை மென்பொருள் ஒன்றை வாங்க முதலாளி விரும்புகிறார்.

முதற் கட்டம்: பிரச்சினையை இனங்காணல்

அந்த அரைப் பக்கத்தை மீண்டும் வாசித்துப் பாருங்கள். அதில் இரண்டு வகையான வசனங்கள் கலந்திருக்கின்றன. "துணி குறைகிறது", "மீண்டும் கொள்வனவு செய்கிறோம்" என்பவை பிரச்சினைகள். "பார்கோட் மென்பொருள் வேண்டும்" என்பது ஒரு தீர்வு. அந்தத் தீர்வு அந்தப் பிரச்சினைகளுக்குத்தான் பொருந்துமா என்பது எங்கும் எழுதப்படவில்லை. எமது தலைவி தாளின் நடுவே கோடு கீறி, பிரச்சினைகளை ஒரு பக்கமும் தீர்வை மறுபக்கமும் எழுதினாள். அந்தக் கோடு மிகவும் பயனுள்ளதாக இருந்தது. எந்த ஆலோசனையையும் தொடங்கும்போது இந்தக் கோட்டைக் கீறிக்கொள்ளலாம்.

தகவல் திரட்டும் முறைகளாக நேர்காணல், அவதானிப்பு, ஆவணங்களைப் பரிசீலித்தல், வினாக்கொத்து ஆகியவற்றைப் படித்திருக்கிறோம். இவற்றுள் எதை யாரிடம் பயன்படுத்துவது என்பதில்தான் திறமை இருக்கிறது. முதற் சந்திப்பை எல்லாக் குழுக்களும் முதலாளிக்கே ஒதுக்கின. அவர் பணம் கொடுப்பவர், முடிவெடுப்பவரும் அவரே. ஆனால் நாளாந்தம் துணியை அளப்பவர் அவரல்லர். எனவே இரண்டாவது சந்திப்பை நாம் களஞ்சியப் பொறுப்பாளருக்கும், மூன்றாவதைக் கணக்கப்பிள்ளைக்கும் ஒதுக்கினோம்.

களஞ்சியப் பொறுப்பாளராக நடித்த தோழியிடம் எமது நேர்காணல் செய்பவர் கேட்ட கேள்விகள் சிறியவை. "துணி கடைக்கு வரும்போது எப்படி எழுதுகிறீர்கள்?" "ரோல் கணக்கில்." "விற்கும்போது?" "மீற்றர் கணக்கில்." "ஒரு ரோலில் கொஞ்சம் வெட்டி விற்ற பிறகு மிச்சம் எவ்வளவு என்று எங்கே எழுதுவீர்கள்?" "எழுதுவதில்லை." "அப்படியானால் மிச்சம் இருப்பது எப்படித் தெரியும்?" "ரோலைத் தூக்கிப் பார்த்தால் தெரியும்."

பிரச்சினையின் வேர் அங்கேதான் இருந்தது. வருவது ஓர் அலகில், போவது இன்னோர் அலகில். இரண்டையும் இணைக்கும் எழுத்து எங்கும் இல்லை. பாதி வெட்டிய ரோல்கள் தட்டின் பின்பக்கத்துக்குப் போய்விடுகின்றன. முன்னால் இல்லாததைக் கண்ட விற்பனை உதவியாளர், "அந்த நிறம் முடிந்துவிட்டது" என்கிறார். முதலாளி மறுபடி கொள்வனவு செய்கிறார். ஆண்டு முடிவில் சிறு துண்டுகள் மலிவாக விற்கப்படுகின்றன; அந்த விற்பனை இருப்பு ஏட்டில் கழிக்கப்படுவதில்லை. யாரும் திருடவில்லை. யாரும் சோம்பேறியும் இல்லை. ஒரு தகவல் பிறக்கும் இடத்திலேயே பதியப்படவில்லை, அவ்வளவுதான்.

இந்நிலையில் பார்கோட் பொருத்தினால் என்ன நடக்கும்? ரோலின் மேல் ஒட்டிய பார்கோட், அது எந்தத் துணி என்பதைச் சொல்லும். அதில் எத்தனை மீற்றர் மிச்சம் என்பதை, வெட்டும் ஒவ்வொரு முறையும் யாராவது சரியாக உள்ளிட்டால்தான் சொல்லும். உள்ளிடும் பழக்கம் கடையில் இல்லையென்றால் கணினியும் அந்த ஏட்டைப் போலவே பிழையான எண்ணைக் காட்டும்; ஆனால் அழகாக அச்சிட்டுக் காட்டும். எழுதப்படாததைக் கணினி அறியாது.

இரண்டாம் கட்டம்: தேவைகளை எழுதுதல்

பிரச்சினை தெளிவானதும் தேவைகளை எழுதலாம். தகவல் தொழினுட்பப் பாடத்தில் இவற்றைத் தொழிற்பாட்டுத் தேவைகள், தொழிற்பாடு அல்லாத தேவைகள் என இரண்டாகப் பிரிப்பர். முறைமை எதைச் செய்ய வேண்டும் என்பது முதலாவது. அதை எப்படிப்பட்ட தரத்தில் செய்ய வேண்டும் என்பது இரண்டாவது.

எமது அறிக்கையில் நான்கு தொழிற்பாட்டுத் தேவைகள் இருந்தன. ஒவ்வொரு ரோலுக்கும் தனி இலக்கம் இருக்க வேண்டும். ஒவ்வொரு வெட்டுக்குப் பின்னும் மிச்ச மீற்றர் பதியப்பட வேண்டும். இருப்பு ஒரு குறிப்பிட்ட மட்டத்துக்குக் கீழ் குறைந்தால் தெரிய வேண்டும். கடனுக்கு வாங்கியவர்களின் நிலுவையை ஆளுக்கு ஆள் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

தொழிற்பாடு அல்லாத தேவைகளில் மூன்றைக் குறிப்பிட்டோம். மின்சாரம் தடைப்பட்டாலும் விற்பனை நிற்கக் கூடாது. பதிவு தமிழில் இருக்க வேண்டும். பெருநாள் நெரிசலிலும் ஒரு வெட்டைப் பதிய அரை நிமிடத்துக்கு மேல் ஆகக் கூடாது. இந்த மூன்றும் முதலாளி சொன்னவையல்ல. கடையில் நின்று வேலை செய்பவர்களிடம் கேட்டதால் கிடைத்தவை.

மூன்றாம் கட்டம்: சாத்தியமா, இலாபமா?

சாத்தியவள ஆய்வு என்பது மூன்று எளிய கேள்விகள்தான். இதைச் செய்யத் தொழினுட்பம் உண்டா? செலவுக்கு ஏற்ற பலன் உண்டா? கடையில் இருப்பவர்கள் இதைப் பாவிப்பார்களா? இரண்டாவது கேள்விக்குப் பதில் காண்பது எனது பொறுப்பாக இருந்தது. அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் கணக்கீடு கற்கும் எவரும் இதைச் செய்து பார்க்கலாம். இங்கு வரும் எண்கள் யாவும் பயிற்சிக்காக ஆசிரியை தந்தவை.

பார்கோட் முறைமைக்கு ஆரம்பச் செலவு 420,000 ரூபா. ஆண்டுப் பராமரிப்பு 60,000 ரூபா. இதனால் துணி இழப்பும் வீண் கொள்வனவும் குறைந்து ஆண்டுக்கு 180,000 ரூபா மிச்சமாகும். பராமரிப்பைக் கழித்தால் 120,000 ரூபா. 420,000 ஐ 120,000 ஆல் வகுத்தால், போட்ட பணம் திரும்ப வர மூன்றரை ஆண்டுகள். கணினியின் ஆயுட்காலம் ஐந்து ஆண்டுகள் என எடுத்துக்கொண்டால், இது வாங்கத்தக்க முதலீடாகவே தோன்றும்.

ஆனால் இன்னொரு வழியும் உண்டு. ஒவ்வொரு ரோலிலும் ஒரு மட்டை அட்டையைக் கட்டிவிடுவது. மேலே ரோல் இலக்கமும் மொத்த மீற்றரும். வெட்டும் ஒவ்வொரு முறையும் திகதி, வெட்டிய அளவு, மிச்சம். வெட்டுபவரே எழுத வேண்டும். ரோல் முடிந்ததும் அட்டை கணக்கப்பிள்ளையிடம் போகும். இதற்கு ஆண்டுச் செலவு 10,000 ரூபா. இதனால் மிச்சமாவது 90,000 ரூபா. தேறிய பலன் ஆண்டுக்கு 80,000 ரூபா, அதுவும் ஆரம்ப முதலீடு எதுவும் இல்லாமல்.

இப்போது சரியான கேள்வி மாறிவிடுகிறது. "பார்கோட் முறைமை இலாபமா?" என்பதல்ல கேள்வி. "அட்டை முறையை விடப் பார்கோட் முறைமை மேலதிகமாக எவ்வளவு தருகிறது?" என்பதே கேள்வி. 120,000 இலிருந்து 80,000 ஐக் கழித்தால் மேலதிகப் பலன் ஆண்டுக்கு 40,000 ரூபா மட்டுமே. அந்த 40,000 ரூபாவுக்காகவே 420,000 ரூபாவைப் போடுகிறோம். திரும்ப வர எடுக்கும் காலம் பத்தரை ஆண்டுகள். கணினியோ ஐந்து ஆண்டுகளில் பழசாகிவிடும்.

ஒரே எண்கள்தான். ஒன்றுமே செய்யாமல் இருப்பதுடன் ஒப்பிட்டால் மூன்றரை ஆண்டுகள். அடுத்த சிறந்த வழியுடன் ஒப்பிட்டால் பத்தரை ஆண்டுகள். பொருளியலில் அமையச் செலவு என்று நாம் படிப்பது, அதாவது கைவிட்ட மாற்றுவழியின் பெறுமதி, இங்கே கண்முன் வந்து நிற்கின்றது. மென்பொருள் விற்பவர் உங்களுக்கு முதலாவது கணக்கையே காட்டுவார். அதில் பொய் இல்லை. ஆனால் இரண்டாவது கணக்கை நாம்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

நான்காம் கட்டம்: மனிதர்கள்

விபரத்தாளில் கணக்கப்பிள்ளையின் வயது 58. முப்பது ஆண்டுகளாகக் கடன் கொப்பியை எழுதுபவர். அந்தப் பாத்திரத்தை ஏற்ற தோழி எமது முதல் மூன்று கேள்விகளுக்கும் ஒற்றைச் சொல்லிலேயே பதில் சொன்னாள். பிறகு எமது நேர்காணல் செய்பவர், "மாமா, புதிய முறை வந்தாலும் இந்தக் கொப்பியில் இருக்கும் எது கட்டாயம் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் அவர் வாய் திறந்தார்.

கொப்பியில் சில பெயர்களுக்கு அருகே ஒரு புள்ளி இருந்தது. சிலவற்றுக்கு இரண்டு. ஒரு புள்ளி என்றால், அவர் வயல் அறுவடை முடிந்த பின்னரே பணம் தருவார். அதற்கு முன் கேட்க வேண்டாம். இரண்டு புள்ளி என்றால், அந்த வீட்டில் கஷ்டம். முதலாளியிடம் சொல்லித் தவணை கொடுக்க வேண்டும். எந்த மென்பொருளிலும் இப்படியொரு நிரல் ஆயத்தமாக இருக்காது. திகதி கடந்ததும் எல்லாருக்கும் ஒரே மாதிரியான நினைவூட்டல் செய்தியை அது அனுப்பிவிடும். கடைக்கும் ஊருக்கும் இடையில் பல வருடங்களாக வளர்ந்த நம்பிக்கை ஒரு குறுஞ்செய்தியில் கெட்டுப்போகலாம்.

ஆகவே எமது பரிந்துரையில், கடன் கணக்கை மட்டும் கடையில் ஏற்கனவே உள்ள மடிக்கணினியில் ஒரு விரிதாளாக அமைக்கலாம் என்றும், அதில் 'குறிப்பு' என்ற நிரலைக் கணக்கப்பிள்ளையே நிரப்ப வேண்டும் என்றும் எழுதினோம். அவரை நீக்குவதற்கு அல்ல, அவர் அறிந்ததைப் பாதுகாப்பதற்கே கணினி என்பதை அறிக்கையில் தெளிவாகச் சொன்னோம். தன் வேலைக்கு ஆபத்து என்று ஒருவர் நினைக்கும் முறைமையை அவர் ஒருபோதும் சரியாகப் பாவிக்க மாட்டார். சாத்தியவள ஆய்வின் மூன்றாவது கேள்விக்குரிய பதில் இங்கேதான் இருக்கிறது.

கடன் கொப்பி பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பதன் முக்கியத்துவம் எமக்குப் புதிதல்ல. அல்குர்ஆனின் மிக நீண்ட வசனமே அதைப் பற்றியதுதான். எழுதுவது கடமை என்றால், எழுதியதைக் காப்பதும் அமானிதம். யார் எவ்வளவு கடன் பட்டிருக்கிறார் என்பது மற்றவர் அறிய வேண்டிய செய்தியல்ல. கொப்பி முதலாளியின் லாச்சியில் பூட்டியிருந்தது. அதையே கணினிக்கு மாற்றினால் ஒரு நிமிடத்தில் பிரதி எடுத்துவிடலாம். இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. ஒரு நோக்கத்துக்காகத் திரட்டிய தனிநபர் தரவை அந்த நோக்கத்துக்கே பாவிக்க வேண்டும், அதைப் பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும் என்பவை அதன் அடிப்படைகளுள் அடங்கும். ஆகவே விரிதாளுக்குக் கடவுச்சொல், வாரம் ஒரு முறை வேறோர் இடத்தில் பிரதி, பார்க்க அனுமதி இருவருக்கு மட்டும் என எழுதினோம்.

ஐந்தாம் கட்டம்: எப்போது, எப்படித் தொடங்குவது?

நல்ல முறைமையும் பிழையான நாளில் தொடங்கினால் தோற்கும். இதற்கு உலகம் அறிந்த உதாரணம் லண்டன் அம்புலன்ஸ் சேவை. அழைப்புகளைப் பெற்று வாகனங்களை அனுப்பும் புதிய கணினி முறைமை 1992 ஒக்டோபர் 26 ஆந் திகதி லண்டன் நகரம் முழுவதற்கும் ஒரே தடவையில் நடைமுறைக்கு வந்தது. வாகனங்கள் எங்கே இருக்கின்றன என்ற தகவல் பிழையாகப் பதிவாகத் தொடங்க, அழைப்புகள் குவிந்தன, வாகனங்கள் தாமதித்தன. நவம்பர் 4 ஆந் திகதி முறைமை முற்றாகச் செயலிழந்தது. ஊழியர்கள் மீண்டும் கையால் எழுதும் முறைக்குத் திரும்பினர். முறைமை முழுமையாகப் பரீட்சிக்கப்படவில்லை, ஊழியருக்குப் போதிய பயிற்சி இல்லை என்பவை பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தன.

பழையதை ஒரே நாளில் நிறுத்திப் புதியதைத் தொடங்குவது நேரடி முறை. இரண்டையும் சில காலம் ஒன்றாக நடத்துவது சமாந்தர முறை. பகுதி பகுதியாக மாற்றுவது கட்டமுறை. ஓரிடத்தில் மட்டும் செய்து பார்த்துப் பிறகு விரிவாக்குவது முன்னோடி முறை. பரீட்சையில் இந்த நான்கையும் எழுதினால் புள்ளி கிடைக்கும். எதை எப்போது தெரிவுசெய்வது என்று தீர்மானிப்பதுதான் ஆலோசனை.

எமது கடைக்கு முன்னோடி முறையைப் பரிந்துரைத்தோம். முதலில் சட்டைத் துணிப் பகுதியில் மட்டும் அட்டை முறை. ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்து, அட்டையும் துணியும் ஒத்துப்போனால் ஏனைய பகுதிகளுக்கு. கடன் விரிதாளை இரண்டு மாதங்கள் கொப்பியுடன் சமாந்தரமாக நடத்துவது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோன்பு மாதத்தில் எதையும் தொடங்கக் கூடாது. புடவைக் கடையின் ஆண்டு விற்பனையில் பெரும் பங்கு அந்த நாட்களில்தான் நடக்கின்றது. பெருநாள் முடிந்து கடை அமைதியான பின் தொடங்கினால் பழகுவதற்கு நேரம் கிடைக்கும். ஓராண்டு அட்டைகள் சேர்ந்த பிறகு, கணினி முறைமை தேவையா என்று உண்மையான எண்களை வைத்து மீண்டும் தீர்மானிக்கலாம்.

"வாங்க வேண்டாம் என்பதற்கா உங்களுக்குப் பணம்?"

முன்வைப்பு நாளில் ஐந்து குழுக்களும் ஐந்து விதமான பதில்களைக் கொண்டுவந்தன. இரண்டு குழுக்கள் பார்கோட் முறைமையைப் பரிந்துரைத்தன. ஒரு குழு முழு வலையமைப்பும் கண்காணிப்புக் கமராவும் என்றது. ஒரு குழு இணையத்தில் விற்பனை செய்யலாம் என்றது. எல்லாவற்றிலும் உழைப்பு இருந்தது. இணைய விற்பனை பற்றிய குழுவின் படங்கள் மிகவும் அழகானவை.

எமது முறை வந்தபோது முதலாளியாக நடித்த தோழி கைகளைக் கட்டிக்கொண்டு ஒரு கேள்வி கேட்டாள். "மட்டையும் பேனையும் வாங்கச் சொல்வதற்கா நான் உங்களுக்கு ஆலோசனைக் கட்டணம் தர வேண்டும்?" வகுப்பே சிரித்தது. எமது தலைவி சிரிக்கவில்லை. "முதலாளி, நாங்கள் உங்களுக்கு 420,000 ரூபாவை மிச்சப்படுத்தித் தந்திருக்கிறோம். எங்கள் கட்டணம் அதற்குத்தான்" என்றாள்.

அந்தப் பதிலில் இந்தத் தொழிலின் ஒழுக்கம் முழுவதும் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆலோசனை சொல்பவரே பொருளையும் விற்பவராக இருந்தால், "வாங்க வேண்டாம்" என்ற வார்த்தை அவருக்கு நட்டம். அதனால் அவர் கெட்டவர் என்றில்லை. ஆனால் அவருடைய நலனும் கடையின் நலனும் ஒரே திசையில் இல்லை. யார் ஆலோசனை சொன்னாலும், "நான் இதை வாங்கினால் உங்களுக்கு என்ன கிடைக்கும்?" என்று மரியாதையாகக் கேட்பதில் தவறில்லை.

கடைக் குழு எம்மைத் தெரிவுசெய்தது. ஆனால் கமராவைப் பரிந்துரைத்த குழு எழுப்பிய ஒரு விடயம் எமது அறிக்கையில் இல்லாத பலத்தைக் கொண்டிருந்தது என்று ஆசிரியை சுட்டிக்காட்டினார். வெட்டுபவரே அட்டையையும் எழுதினால், அதைச் சரிபார்ப்பவர் யார்? கணக்காய்வில் நாம் படிக்கும் உள்ளகக் கட்டுப்பாடு அது. வெட்டுபவர் ஒருவர், பில் போடுபவர் ஒருவர், வாரம் ஒருமுறை சில ரோல்களை எழுந்தமானமாக அளப்பவர் இன்னொருவர் என்று பிரித்தால் அந்த இடைவெளி அடைபடும். இரண்டு அறிக்கைகளையும் சேர்த்துப் படித்தால்தான் முழுமையான ஆலோசனை கிடைக்கும் என்பது வகுப்பின் முடிவாக இருந்தது.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இந்தச் செயற்பாட்டுக்குக் கணினி அறை தேவையில்லை. நான்கு பக்க விபரத்தாளும் கேள்வி கேட்கும் மனமும் போதும். புடவைக் கடைக்குப் பதிலாக ஒரு பாமசி, ஒரு பேக்கரி, பாடசாலைச் சிற்றுண்டிச்சாலை, நூலகம் என எதையும் எடுக்கலாம். மூன்று விடயங்களை மட்டும் கைவிட வேண்டாம். கடைக் குழு கேட்காததைச் சொல்லக் கூடாது. அப்போதுதான் கேள்வியின் பெறுமதி விளங்கும். விபரத்தாளில் குறைந்தது ஒரு முக்கிய உண்மை, முதலாளி அறியாமல் ஓர் ஊழியர் மட்டுமே அறிந்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு பரிந்துரையும் அடுத்த மலிவான வழியுடன் ஒப்பிடப்பட வேண்டும்.

வகுப்பறைக் கடையில் யாருக்கும் நட்டம் வராது என்பது உண்மை. நிஜக் கடையில் ஒரு பிழையான முடிவு ஒரு குடும்பத்தின் சேமிப்பையும் ஓர் ஊழியரின் வேலையையும் கொண்டுபோகலாம். அதனால்தான் பழகுவதற்கு வகுப்பறை நல்ல இடம்.

தங்கைகளே, வணிகப் பிரிவைத் தெரிவுசெய்தால் கடைசியில் ஏட்டில் எண்களைக் கூட்டுவதுதான் வேலை என்று சிலர் உங்களுக்குச் சொல்லலாம். கணினி வந்த பிறகு அந்த வேலையும் போய்விடும் என்று இன்னும் சிலர் சொல்லலாம். எண்களைக் கூட்டுவதைக் கணினி செய்யட்டும். எந்த எண்ணை எங்கே, யார், எதற்காக எழுத வேண்டும் என்று கேட்பதற்கு ஆள் வேண்டும். நாளை உங்கள் வீட்டுக் கடைக்கு ஒருவர் மென்பொருள் விளம்பரத் தாளுடன் வரும்போது, வாப்பாவுக்கு அருகில் அமர்ந்து அந்தக் கேள்வியைக் கேட்பவர் நீங்களாக இருக்கலாம்.